சந்தனம் வைத்த உளி

எங்கள் பட்டறையில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. சுங்கைப் பினாங்கில் லாரி பழுதுபார்க்கும் பட்டறை அது. பதினெட்டு வருடமாக அதன் ஸ்டோர் சாவி என் இடுப்பில்தான் தொங்குகிறது. ஒரு ஸ்பானரை எடுத்துப் போய்த் திருப்பி வைக்க மறந்தவன் அன்றைக்கு முழுக்க என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். முதலாளி வாசுகூட ஸ்டோருக்குள் வருவதற்கு முன் செருப்பைத் தேய்த்துவிட்டுத்தான் வருவார். நவமணி என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு, ஸ்டோர் அக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட என் வாய், திறந்தே ஆகவேண்டிய ஒரு நேரத்தில் திறக்கவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் தொழில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்து, எங்களுக்கு ஒரு வகுப்பும் நடத்தினார். அதிலிருந்து எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கெட்டுப்போன கருவி எதுவானாலும் அதில் சிவப்பு டேப் சுற்றி, மூலையில் இருக்கும் தொட்டியில் போட்டுவிட வேண்டும். பிடி ஆடும் சுத்தியல், வாய் தேய்ந்த ஸ்பானர், தலை விரிந்த உளி எல்லாம் அங்கேதான் கிடக்கும். உளியை வருடக்கணக்கில் அடித்தால் அதன் தலை காளான் மாதிரி விரிந்து, ஓரமெல்லாம் பிளந்து மடிந்துவிடும். அந்த ஓரம் எந்த அடியில் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டேப் சுற்றுவது என் பொறுப்பு. அதற்காகவே ஒரு சுருள் டேப் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. "உழைச்சு ஓஞ்சுபோனதுக்கும் ஒரு பொட்டு வைங்கக்கா. அதுவும் நமக்கு சோறு போட்டதுதானே" என்றார் வாசு. சரி என்று தொட்டியில் கிடந்தவற்றையும் எடுத்துக் கழுவினேன். மேசையில் வாழையிலை விரித்து வரிசையாக அடுக்கியபோது அந்தச் சிவப்பு டேப்புகள் கண்ணை உறுத்தின. சாமி முன்னால் கட்டுப் போட்ட நோயாளிகளை உட்கார வைத்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்தேன். எது நல்லது எது கெட்டது என்று தெரியாமல் எல்லாம் ஒன்றுபோல் மின்னின. வாசு போட்டோ எடுத்துப் பட்டறையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பூஜை முடிந்து பொங்கலும் சுண்டலும் சாப்பிட்ட பிறகு அத்தனை கருவியையும் இரண்டு தட்டில் அள்ளிப் போட்டு ஸ்டோரைப் பூட்டினேன். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் கெட்டதைத் தனியாகப் பிரித்து, டேப் சுற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் வாசலில் மூன்று லாரிகள் நின்றன. போனில் உதிரிச் சாமான் கடைக்காரனுடன் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது சுகுமாரன் வந்தான். முப்பத்தொரு வயது, ஏழு வருடமாக எங்களோடு இருக்கிற பையன். கனரக லாரி லைசென்ஸ் எடுத்துவிட்டான். அடுத்த மாதம் பட்டர்வொர்த்தில் கண்டெய்னர் லாரி ஓட்டப் போவதாக எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தான்.

"அக்கா, பெரிய உளி ஒன்னு."

போனைக் காதிலிருந்து எடுக்காமல், திரும்பியும் பார்க்காமல், தட்டை அவன் பக்கம் தள்ளினேன். "எடுத்துக்க. பத்திரமா கொண்டாந்து வை."

லாரிக்கு அடியில் துருவேறிய ஒரு போல்ட்டின் தலையை அவன் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. கிரைண்டர் நுழையாத இடுக்கு. உளியை வைத்து அடித்துக்கொண்டிருந்தான். பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. கண்ணுக்குப் போடுவதை நெற்றிக்குப் போட்டுக்கொண்டு திரிவது எங்கள் ஆட்களின் வழக்கம். வியர்வையில் மங்கிவிடுகிறதாம். அதற்கும் நான் தினமும் கத்துவேன்.

அடிக்கும் சத்தம் ஸ்டோர்வரை ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஓர் அடி மட்டும் வேறு மாதிரி ஒலித்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

நான் எட்டிப் பார்த்தபோது சுகுமாரன் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தான். இடது கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"கசக்காதே! கைய எடுடா!" என்று ஃபோர்மேன் முனுசாமி அண்ணன் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார்.

"ஒன்னும் இல்லண்ணே. தூசிதான்."

ரத்தம் இல்லை. கண்ணீர்தான் வழிந்தது. முனுசாமி அண்ணன் அவனை ஒரு பழைய டயர்மேல் உட்கார வைத்துவிட்டுத் தன் பெட்டியைத் திறந்து காந்தத்தை எடுத்தார்.

அந்தக் காந்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். சுத்தமான கைக்குட்டையில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருப்பார். இரும்புத் தூசி கண்ணில் விழுவது எங்கள் பட்டறையில் வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். அதற்கெல்லாம் யாரும் கிளினிக் போகமாட்டார்கள், அண்ணனிடம்தான் போவார்கள். இமையைத் தீக்குச்சியால் மடித்து, காந்தத்தைக் கண்ணருகே கொண்டுபோவார். அடுத்த நொடி விரல் நுனியில் அந்தத் தூசியை வைத்துக் காட்டுவார். எனக்கே இரண்டு முறை எடுத்துவிட்டிருக்கிறார். பக்கத்துப் பட்டறைகளிலிருந்தும் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். அறுபது வயதை நெருங்கும் மனிதருக்கு அதில் ஒரு தனிப் பெருமை.

நான் தண்ணீர் போத்தலை எடுத்துக்கொண்டு போனேன். லாரி ஓரத்தில் என் காலில் உளி தட்டியது. குனிந்து எடுத்தேன். தண்டில் நான் பூசிய சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. தலை விரிந்த உளி. நான் கழித்துப் போட்ட உளி. விரிந்த ஓரத்தில் அரிசி நொய் அளவுக்கு ஒரு துண்டைக் காணோம். பிய்ந்த இடம் புதிதாக, வெள்ளி மாதிரிப் பளபளத்தது.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அந்த அதிகாரி எங்களுக்கு நடத்திய வகுப்பில் இதே மாதிரி ஓர் உளியின் படத்தைக் காட்டியிருந்தார். தூசி கண்ணின் மேலே ஒட்டும், தெறித்த இரும்பு கண்ணுக்குள்ளேயே போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது என்று சொல்லியிருந்தார். தொடாதீர்கள், அழுத்தாதீர்கள், ஒரு கப்பால் மூடிக் கொண்டுபோங்கள் என்றும் சொல்லியிருந்தார். முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் நான்.

அதற்குப் பிறகு நான் செய்த முதல் காரியம், அந்த உளியை லாரி டயருக்குப் பின்னால் காலால் தள்ளியது.

முனுசாமி அண்ணன் அவன் தலையைப் பின்னால் சாய்த்துக் காந்தத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஆடாதே. மேல பாரு."

"சுருக்குங்குதுண்ணே."

"வருது, வருது. அப்படியே இரு."

ஒன்றும் வரவில்லை. அண்ணன் காந்தத்தைக் கைக்குட்டையில் துடைத்தார். சுகுமாரனின் கன்னத்தில் கண்ணீர் கோடாக இறங்கியது.

ஏன் பேசாமல் நின்றாய் என்று கேட்டால், வேலை போய்விடும் என்ற பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான் உண்மை. மீதி மானம். ஒரு ஸ்க்ரூ டிரைவருக்காக ஆள் ஆளாக மூச்சுமுட்ட ஏசியவள் நான். அந்த ஆட்கள் ஐந்தாறு பேர் சுற்றி நிற்க, கெட்ட உளியை நல்ல உளியோடு கலந்து கொடுத்தது நான்தான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் நாளையிலிருந்து எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஸ்டோரில் நிற்பது? அந்த நேரத்தில், ஒரு மனிதனின் கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டு, நான் யோசித்தது இதைத்தான். இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

உண்மையைச் சொல்லாமலேயே அவனைக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு குறுக்கு வழி பார்த்தேன்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாமே" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"இதுக்கு எதுக்கும்மா ஆஸ்பத்திரி? அங்க போனா நம்பர் எடுத்துட்டு சாயங்காலம்வரைக்கும் உக்காந்திருக்கணும். நான் பாக்காத தூசியா?"

"வேணாம்கா" என்றான் சுகுமாரனும். "அண்ணன் எடுத்துருவாரு. மத்தியானத்துக்குள்ள இந்த லாரி போவணும்லா."

அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். அண்ணன் மறுபடியும் குனிந்தார். இந்தத் தடவை காந்தத்தை இன்னும் கிட்டே கொண்டுபோய், மெதுவாக ஒரு பக்கமாகத் திருப்பினார்.

சுகுமாரன் அலறினான். டயரில் உட்கார்ந்திருந்தவன் கால் இரண்டையும் தரையில் உதைத்துப் பின்னால் சரிந்தான். இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உள்ள... உள்ள எதுவோ நகருதுண்ணே!"

"ஓரத்துக்கு வந்துருச்சுடா. பல்லக் கடிச்சுக்க. இன்னும் ஒரே ஒரு தடவ."

அண்ணன் இமையைத் தூக்கிப் பிடித்தபோது நான் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டேன். நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் வட்டமாக இல்லை. ஒரு பக்கமாக இழுபட்டு, சொட்டப்போகும் நீர்த்துளி மாதிரி நீண்டிருந்தது. காந்தம் மூன்றாவது தடவையாக அந்தக் கண்ணை நோக்கிப் போனது.

நான் பாய்ந்து அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"எடுங்கண்ணே! காந்தத்த எடுங்க! அது தூசி இல்ல, உளி தெறிச்சிருக்கு!"

"எந்த உளி? என்னம்மா பேசற நீ?"

டயருக்குப் பின்னால் போய் எடுத்துவந்து காட்டினேன். "கழிச்சுப் போட்ட உளிண்ணே. பூஜைக்காக நான்தான் டேப்ப பிரிச்சேன். திருப்பிச் சுத்தல. நான்தான் இவன்கிட்ட குடுத்தேன். துண்டு கண்ணுக்குள்ள இருக்கு."

முனுசாமி அண்ணன் உளியின் தலையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நான் அதை எடுத்துவந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது எப்ப ஒன் கையில கெடச்சது?"

நான் டயரைப் பார்த்தேன். அவருக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றாமலேயே டின்னுக்குள் போட்டார்.

ஒரு காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணில் படாமல் மேலே வைத்து, என் சட்டைப் பையில் இருந்த சிவப்பு டேப்பை நெற்றியிலும் கன்னத்திலும் ஒட்டினேன். வாசு வேலையாகக் கடலுக்கு அந்தப் பக்கம் பிறை ஊருக்குப் போயிருந்தார். என் பழைய சின்னக் கஞ்சில் காரிலேயே சுகுமாரனை ஏற்றினோம். அண்ணன் பின்னால் உட்கார்ந்து அவன் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார்.

ஜாலான் பேராக் சாலையில் வண்டிகள் நின்று நின்றுதான் நகர்ந்தன. ஹாரனில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் பின்னாலிருந்து ஒரு முனகல் வரும். மெதுவாகப் போனால் நேரமாகும், வேகமாகப் போனால் குலுங்கும். எது அவன் கண்ணைக் கெடுக்கும் என்று தெரியாமல் ஓட்டினேன்.

"அண்ணே, தும்மல் வருது" என்றான்.

"வாயத் தொற. வாயத் தொறந்து மூச்ச விடு. அடக்காத, தும்மாத, மூச்ச விடு..." அண்ணன் குழந்தையிடம் சொல்வதுபோல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். தும்மல் வரவில்லை. எதிரே சிக்னல் விளக்கு பச்சையாகும்வரை நானும் அண்ணனும் மூச்சு விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மக்காலிஸ்டர் ரோட்டில் திரும்பும்போது சுகுமாரன் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, கப்புக்குள்ள கொஞ்சம் வெளிச்சம் தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப எல்லாம் பொகையா இருக்கு."

ஆஸ்பத்திரியில் நாங்கள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணில் இரும்பு என்று சொன்னதும் தள்ளுவண்டி வந்தது. எக்ஸ்ரேயில் அந்தத் துண்டு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. அரை மணி நேரத்தில் அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் மனைவி குமுதா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து சீருடையோடு ஓடி வந்தாள்.

மத்தியானம் டாக்டர் சலேஹா வெளியே வந்தார். தமிழிலேயே பேசினார்.

"துண்ட எடுத்தாச்சு. கண்ணு தப்பிச்சிருச்சு. ஆனா உள்ள இருக்கற லென்ஸ் பக்கவாட்டுல கிழிஞ்சிருக்கு. அது நேரா உள்ள போன துண்டு கிழிக்கிற மாதிரி இல்ல. அப்புறம் நகர்ந்திருக்கு. யாராச்சும் காந்தம் வெச்சீங்களா?"

"நான்தாம்மா" என்றார் முனுசாமி அண்ணன்.

"எத்தன தடவ?"

"ரெண்டு."

"கை வைக்காம அப்படியே கொண்டாந்திருந்தா லென்ஸ் பொழச்சிருக்கலாம் அய்யா. நிச்சயமா சொல்ல முடியாது. பொழச்சிருக்கலாம்."

"இனிமே லாரி ஓட்டலாமா டாக்டர்?" என்று குமுதா கேட்டாள்.

"இப்போதைக்கு அத நெனைக்காதீங்கம்மா. வேற லென்ஸ் வெச்சு, பார்வை எவ்வளவு திரும்புதுன்னு பாக்கணும். மாசக்கணக்கா ஆகும்."

குமுதா முனுசாமி அண்ணன் பக்கம் திரும்பினாள். அங்கே அவள் அவரை என்னென்ன கேட்டாள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. மனிதர் தலையைத் தூக்கவே இல்லை. உளி தெறித்தது இவளுக்கு முதலிலேயே தெரியும் என்று என்னைக் காட்டி அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கேயும் நான் பேசாமல்தான் நின்றேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் முனுசாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழம். வார்டுக்கு வரக்கூடாது என்று குமுதா சொல்லிவிட்டாளாம்.

"நீ போயிட்டு வாம்மா" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மேலே, வார்டுக்கு வெளியே நடையில் குமுதா என்னைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

"நீங்க மட்டும் அப்ப ஓடிப்போயி அந்தாளு கையப் புடிக்கலன்னா கண்ணே போயிருக்கும்கா. டாக்டர் சொன்னாங்க. ஒங்கள எங்க குடும்பமே மறக்காது. கெழவன் மூஞ்சியில மட்டும் நான் முழிக்கவே மாட்டேன்."

அந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை. உளியைக் கொடுத்தது நான் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும், பட்டறையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதைத் தவறுதலாக நடந்தது என்று மன்னித்துவிட்டிருந்தாள். டயருக்குப் பின்னால் தள்ளியது யாருக்கும் தெரியாது, கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஒருவரைத் தவிர.

"குமுதா, அண்ணன ஏசாத" என்றேன். "அவருக்குத் தூசின்னுதான் தெரியும். எனக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு. ரெண்டாவது தடவ அவரு காந்தம் வெச்சப்ப, அது உளித்துண்டுன்னு தெரிஞ்சும் நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என் கைகளை விட்டுவிட்டாள். ஏதோ ஒட்டியதைத் துடைப்பதுபோல் தன் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"இத நீங்களே உள்ள போயி அவர்கிட்ட சொல்லுங்க. என் வாயால சொல்ல மாட்டேன்."

சுகுமாரன் தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தான். இடது கண்மேல் பஞ்சும் பிளாஸ்டிக் மூடியும் ஒட்டியிருந்தன. தலையை ஆட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வலது கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

"ஸ்டோர் அக்காவா? வாங்கக்கா." சிரிக்கப் பார்த்தான். "முனுசாமி அண்ணன் எங்க? குமுதா அவர ரொம்ப ஏசிட்டாளாம். பாவம்கா, எனக்கு நல்லது பண்ணத்தானே பாத்தாரு."

குமுதா என் பின்னால் வந்து நின்றாள். இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று நேராகவே சொன்னேன்.

"சுகு, தப்பு அவரு மேல இல்ல. கீழ கெடந்த உளிய நான் பாத்துட்டேன். ஒன் கண்ணுக்குள்ள போனது என்னன்னு எனக்குத் தெரியும். என் குட்டு ஒடைஞ்சிரும்னு அத டயருக்குப் பின்னால தள்ளிட்டு, ரெண்டாவது தடவ அவரு காந்தம் வைக்கிறத பாத்துக்கிட்டே நின்னேன்."

அவன் சிரிப்பு போய்விட்டது. மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான். எண்ணிப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தது. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"மொத தடவ வெச்சப்பக்கா?" என்று கேட்டான். "அப்ப தெரியாதுல்ல?"

குமுதாவிடம் நான் சொல்லாமல் விட்டது அதைத்தான். தெரியாது என்று சொல்லிவிட்டால் அவன் நம்பியிருப்பான். நம்பத் தயாராகத்தான் கேட்டான்.

"அப்பவும் தெரியும்" என்றேன்.

அவன் நல்ல கண்ணையும் மூடிக்கொண்டான்.